மாணவி அல்ல, கேட்பவர்: கீவ் பெண்கள் உயர்கல்வி வகுப்புகள் – ஒரு நிகழ்வு ஆய்வு

கோசாச் வீட்டில் மூத்த பிள்ளைகள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே செல்லப்பெயர்: மிஷோலோசியே. அண்ணன் மிகைலோவின் பெயரையும் தங்கை லெஸ்யாவின் பெயரையும் ஒட்டிச் செய்தது. இருவருக்கும் ஒன்றரை வயதுதான் வித்தியாசம். ஒருவரை விட்டு ஒருவர் இருக்கமாட்டார்கள். 1880களின் தொடக்கத்தில் கீவ் நகரில் வீட்டு ஆசிரியர்களை வைத்து, ஆண்கள் ஜிம்னாசியத்தின் பாடங்களை இருவருக்கும் ஒன்றாகவே சொல்லிக்கொடுத்தார்கள். கிரேக்கமும் லத்தீனும் உட்பட. (ஜிம்னாசியம் என்றதும் தண்டால் எடுக்கும் இடம் என்று நினைக்க வேண்டாம். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய உயர்நிலைப் பள்ளிக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர்.)

பிறகு அண்ணன் பள்ளிக்குப் போனார், பல்கலைக்கழகத்துக்குப் போனார், இயற்பியல் படித்தார், கார்கிவ் பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தினார். தங்கைக்குக் கொஞ்ச நாள் ஓவியப் பள்ளி, அதோடு சரி.

அந்தத் தங்கைதான் லெஸ்யா உக்ராயின்கா என்ற புனைபெயரில் எழுதிய கவிஞர். உக்ரைனின் 200 ஹ்ரிவ்னியா நோட்டில் இருப்பது அவர் முகம். அவர் பல்கலைக்கழகம் போகாததற்கு நோயைக் காரணம் காட்டுவது வழக்கம். சிறுவயதில் பிடித்த எலும்புக் காசநோய் கடைசிவரை அவரை விடவில்லை என்பது உண்மைதான். ஆனால் நோய்நொடி இல்லாமல் இருந்திருந்தால் மட்டும் எங்கே போயிருப்பார்? 1889இல் அவருக்கு 18 வயது. கீவ் நகரின் பெண்கள் உயர்கல்வி வகுப்புகள் தம் கடைசி அணியை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியதும் அதே 1889இல்தான்.

வீட்டில் உட்கார்ந்தபடியே அவர் ஒரு காரியம் செய்தார். 19 வயதில், தங்கைகள் படிப்பதற்கென்று கிழக்கு நாடுகளின் பழைய வரலாற்றைப் பாடநூலாக எழுதினார், உக்ரைனிய மொழியில். அதில் இந்தியாவுக்கும் ஒரு பகுதி உண்டு. கல்லூரி வாசலை மிதிக்காத ஒரு பெண் தன் தங்கைகளுக்காக எழுதிய அந்தப் பாடநூல் 1918இல்தான் அச்சேறியது. எழுதியவர் இறந்து அப்போது ஐந்து ஆண்டு ஆகியிருந்தது.

இந்த ஆய்வு அந்த மூடிய கதவைப் பற்றியது. 1878இல் திறந்து, 1889இல் மூடி, 1906இல் மறுபடி திறந்து, 1920இல் பல்கலைக்கழகத்தோடு கரைந்துபோன ஒரு நிறுவனம் அது. பெண்கள் கல்வியின் வரலாற்றை "அனுமதி இல்லை, பிறகு அனுமதி கிடைத்தது" என்று இரண்டே வரியில் சொல்லி முடித்துவிடுகிறோம். கீவ் வகுப்புகளை உற்றுப் பார்த்தால் அந்த இரண்டு வரிக்கு நடுவே நாலைந்து கதவுகள் தெரியும். வகுப்பில் உட்காரலாம், ஆனால் தேர்வு எழுத முடியாது. தேர்வு எழுதலாம், ஆனால் பட்டம் கிடையாது. பட்டம் கிடைக்கும், ஆனால் அந்த வேலையைப் பார்க்கக் கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தள்ளித்தான் திறந்தார்கள். சிலது திறந்த பிறகு காற்றில் அடித்துச் சாத்திக்கொண்டதும் உண்டு.

இருந்ததைப் பறித்த விதி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் உக்ரைன் என்றொரு தனி நாடு வரைபடத்தில் இல்லை. கீவ், கார்கிவ், ஒடெசா எல்லாம் ரஷ்யப் பேரரசில். லிவிவும் செர்னிவ்ட்சியும் ஆஸ்திரியப் பேரரசில். எனவே ஒரே மொழி பேசும் பெண்களுக்கு இரண்டு சட்டம், இரண்டு கால அட்டவணை.

ரஷ்யப் பக்கத்தில் ஆரம்பம் விசித்திரமானது. 1859 வாக்கில் பீட்டர்ஸ்பர்க், கீவ், கார்கிவ் பல்கலைக்கழகங்களின் விரிவுரைகளுக்குப் பெண்கள் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். வரலாம் என்று சட்டம் இல்லை; வரக்கூடாது என்றும் இல்லை. பேராசிரியர் ஆட்சேபிக்காவிட்டால் போதும். 1861இல் கல்வி அமைச்சகம் பல்கலைக்கழகங்களிடம் கருத்துக் கேட்டபோது மாஸ்கோவும் டோர்ப்பாட்டும் (இன்றைய எஸ்டோனியாவின் டார்ட்டு) கூடாது என்றன. கீவும் கார்கிவும் பெண்களைச் சேர்க்கலாம் என்று எழுதின. பேராசிரியர்கள்தான் பெண்களை எதிர்த்தார்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்கள் இந்த ஒரு விவரத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

தடை மேலிருந்து வந்தது. பீட்டர்ஸ்பர்க்கில் மாணவர் கலகம், போலந்தில் எழுச்சி. அரசாங்கம் மிரண்டிருந்த நேரம். 1863இன் பல்கலைக்கழகச் சட்டம் பெண்களை வெளியே நிறுத்தியது. அதே 1863 கோடையில்தான் உள்துறை அமைச்சர் வாலுயெவ், உக்ரைனிய மொழியில் பாடநூலும் சமய நூலும் அச்சிடத் தடை போட்டார். ஒரே ஆண்டில் இரண்டு பூட்டு. ஓர் உக்ரைனியப் பெண்ணுக்குப் பல்கலைக்கழகமும் இல்லை, தன் மொழியில் படிக்கப் பாடப் புத்தகமும் இல்லை. கோசாச் பிள்ளைகளை அவர்கள் தாய் ஒலேனா பிச்சில்கா பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பித்ததன் காரணமும் இதில்தான் இருக்கிறது. பள்ளிக்குப் போனால் பிள்ளைகள் வாயில் ரஷ்ய மொழிதான் வரும் என்பது அவர் பயம்.

சூரிக்கைப் பார்த்து வந்த பயம்

உள்ளூரில் இடமில்லை என்றதும் வசதியுள்ளவர்கள் சுவிட்சர்லாந்துக்கு ரயிலேறினார்கள். சூரிக் பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த நதேஷ்தா சுஸ்லோவா 1867இல் அங்கே மருத்துவப் பட்டம் வாங்கியதும் கூட்டம் பெருகியது. 1873 வாக்கில் பேரரசின் பெண்கள் நூறு பேர் அளவில் அங்கே படித்துக்கொண்டிருந்தார்கள். மருத்துவம் படிக்கப் போன இடத்தில் பக்கூனின், லவ்ரோவ் போன்ற நாடுகடந்த புரட்சியாளர்களின் பேச்சும் காதில் விழுந்தது.

1873இல் ஜார் அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. 1874 ஜனவரி 1க்குப் பிறகும் சூரிக்கில் இருக்கும் பெண்களுக்கு நாடு திரும்பினால் தேர்வும் கிடையாது, கல்வி நிலையத்தில் இடமும் கிடையாது, வேலையும் கிடையாது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்தப் பெண்கள் ஒழுக்கம் கெட்டவர்கள், கருக்கலைப்புக்காகவே மகப்பேறு மருத்துவம் படிக்கிறார்கள் என்ற ரீதியில் அரசிதழிலேயே எழுதினார்கள். படிக்கப் போன பெண்ணை வாதத்தில் மடக்க முடியாவிட்டால் நடத்தையைப் பேசுவது எந்த ஊர் வழக்கம் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அந்த அறிவிப்புக்கு மறுபக்கமும் இருந்தது. வெளிநாட்டுக்கு ஓடாமல் தடுக்க வேண்டுமானால் உள்நாட்டில் ஏதாவது வைத்துக்கொடுக்க வேண்டும். 1876இல் ஜார் அலெக்சாந்தர் பல்கலைக்கழக நகரங்களில் பெண்களுக்கான உயர்கல்வி வகுப்புகளைத் தனியார் தொடங்கலாம் என்று அனுமதி கொடுத்தார். உக்ரைனிய மொழி அச்சை ஏறக்குறைய முழுதாக முடக்கிய எம்ஸ் ஆணையும் அதே 1876இல்தான் வந்தது. ஒரு பூட்டைக் கொஞ்சம் தளர்த்திய கை, மற்றதை இன்னொரு சுற்றுத் திருகியது. ஆகையால் கீவில் வந்த வகுப்புகள் ரஷ்ய மொழியில்தான் நடந்தன.

பெண்ணுக்கு அறிவு தேவை என்ற ஞானோதயத்தால் வந்த அனுமதி இல்லை இது. சூரிக் பயத்தால் வந்தது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்து நடந்தது எதுவும் ஆச்சரியமாக இருக்காது.

1878: கீவ்

கீவ் வகுப்புகளைத் தொடங்கியவர் சில்வெஸ்டர் ஹோஹோட்ஸ்கி, தத்துவப் பேராசிரியர். அரசியலில் பழமைவாதி. அவர் மனைவி யெவ்தோகியாவோ பெண்கள் உரிமைக்காக வெளிப்படையாக உழைத்தவர். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று எனக்கு எப்போதும் ஒரு ஆவல் உண்டு.

இரண்டு துறைகள்: வரலாறு–மொழியியல் ஒன்று, இயற்பியல்–கணிதம் ஒன்று. பாடம் நடத்தியவர்கள் பெரும்பாலும் கீவ் பல்கலைக்கழகப் பேராசிரியர்களே; வரலாற்றாசிரியர் வொலொதிமிர் அன்தோனொவிச்சும் அவர்களில் ஒருவர். பையன்களுக்கு நடத்தும் அதே ஆள், அதே பாடம். ஆனால் அரசுப் பணம் இல்லை. மாணவிகள் கட்டும் கட்டணத்திலும் நன்கொடையிலும் ஓடிய நிறுவனம்.

இதில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஆண் ‘ஸ்துதென்த்’, மாணவன். இந்த வகுப்புகளில் படிக்கும் பெண்ணுக்கு அந்தப் பெயர் இல்லை. ஆவணங்களில் அவள் ‘ஸ்லுஹாச்கா’. கேட்பவள் என்று பொருள். உட்கார்ந்து கேட்கலாம், அதற்கு மேல் அரசாங்கம் உனக்கு எதுவும் கடன்பட்டிருக்கவில்லை என்பது அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. நான்கு ஆண்டு கேட்டு முடித்தால் கேட்டதற்கு ஒரு சான்று கிடைக்கும். பட்டம் இல்லை; பட்டத்தால் வரும் உத்தியோகமும் இல்லை. ஊர் மக்கள் வைத்த பெயர் வேறு: ‘குர்சிஸ்த்கா’, அதாவது கோர்ஸ் படிக்கிறவள். கத்தரித்த தலைமுடி, மூக்குக் கண்ணாடி, கையில் சிகரெட் என்று கேலிச்சித்திரக்காரர்களுக்கு நல்ல தீனி.

அந்தக் கேட்பவர்களில் ஒருவர் கதெரினா மெல்னிக். ஹொரோல் என்ற சிற்றூரில் பிறந்தவர். வகுப்பில் அன்தோனொவிச் நடத்திய வரலாற்றைக் கேட்டவர், பிறகு தொல்லியல் அகழாய்வுகளில் இறங்கி, புதைமேடுகளைத் தோண்டி, அறிக்கைகள் எழுதி, தொல்லியல் மாநாடுகளில் பேசினார். பின்னாளில் அதே அன்தோனொவிச்சை மணந்துகொண்டார். வரலாற்று நூல்களில் அவர் பெயர் பல காலம் ‘அன்தோனொவிச்சின் மனைவி’ என்ற குறிப்போடுதான் வந்துகொண்டிருந்தது.

1881 மார்ச்சில் பீட்டர்ஸ்பர்க்கில் ஜார் குண்டுவீசிக் கொல்லப்பட்டார். அந்தச் சதியை நேரில் நின்று நடத்தியவர் சோஃபியா பெரோவ்ஸ்கயா. பீட்டர்ஸ்பர்க்கின் பெண்கள் வகுப்பு ஒன்றில் படித்தவர். அதன் பிறகு குர்சிஸ்த்கா என்றாலே அரசாங்கத்துக்கு வெடிகுண்டு ஞாபகம் வந்தது. 1886இல் பேரரசு முழுவதும் பெண்கள் வகுப்புகளில் புதிய சேர்க்கை நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் முடித்துக்கொள்ளலாம். கீவில் அவர்களும் 1889இல் முடித்தார்கள்.

பீட்டர்ஸ்பர்க்கின் பெஸ்துஷெவ் வகுப்புகள் என்ற பெண்கள் வகுப்புகள் மட்டும் அதே 1889இல் கட்டுப்பாடுகளோடு திரும்பத் திறந்தன. தலைநகரத்துக்கு ஒரு நியாயம், கீவுக்கு ஒரு நியாயம். அடுத்த 17 ஆண்டுகள், கீவிலோ கார்கிவிலோ பிறந்த பெண் உயர்கல்விக்கு ஆயிரம் கிலோமீட்டர் வடக்கே போக வேண்டியிருந்தது. லெஸ்யாவின் தங்கை ஓல்ஹா அப்படிப் போனவர்தான். 1897இல் பீட்டர்ஸ்பர்க்கில் பெண்கள் மருத்துவ நிறுவனம் திறந்தது. ஓல்ஹா அங்கே படித்து 1904இல் மருத்துவராக வெளியே வந்தார். அக்காள் எழுதிய வரலாற்றுப் பாடநூலை 1918இல் கதெரினோஸ்லாவ் நகரில் அச்சுக்குக் கொண்டுவந்தவரும் இந்த ஓல்ஹாதான்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

ஆஸ்திரியப் பேரரசில், லிவிவைத் தலைநகராகக் கொண்ட கலிசியா மாகாணத்தில் நிலைமை மேலாக இருந்ததா? உக்ரைனிய மொழிக்கு ஆம், பெண்களுக்கு இல்லை. 1661இல் தொடங்கிய லிவிவ் பல்கலைக்கழகம் இருந்தது, 1875இல் பக்கத்து மாகாணமான புகோவினாவில் செர்னிவ்ட்சியும் வந்தது. இரண்டிலும் பெண்களுக்கு இடமில்லை.

சோஃபியா ஒகுனெவ்ஸ்காவின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 1865இல் பிறந்தவர். அப்பா முதலில் பாதிரியார். மனைவி இறந்த பிறகு அவர் மருத்துவம் படித்து டாக்டரானார். (கிரேக்கக் கத்தோலிக்கப் பாதிரிமார் குடும்பம் நடத்தலாம்.) அந்த வயதில் அப்பா மறுபடி படிக்கப் போனதைப் பார்த்து வளர்ந்த பெண்ணிடம் படிப்பு உனக்கு வேண்டாம் என்று யார் சொல்வது? 1885இல் லிவிவில் ஆண்கள் ஜிம்னாசியத்தின் இறுதித் தேர்வைத் தனித்தேர்வராக எழுதித் தேறினார். தேர்வு பாஸ், ஆனால் அதை வைத்துக்கொண்டு சேர்வதற்கு நாட்டில் ஒரு பல்கலைக்கழகம் இல்லை. அவரும் சூரிக்தான் போனார். ஜார் அஞ்சி விரட்டிய அதே சூரிக்.

போவதற்கு முன் அவர் எழுதிய கதை ஒன்று 1887இல் லிவிவில் வந்த ‘முதல் மாலை’ (மலர்மாலை என்ற பொருளில்) என்ற தொகுப்பில் இடம்பெற்றது. முழுக்கப் பெண்களே எழுதிய தொகுப்பு. பதிப்பித்தவர்கள் இரண்டு பேர்: கலிசியாவிலிருந்து ஒகுனெவ்ஸ்காவின் உறவுக்காரர் நதாலியா கோப்ரின்ஸ்கா, ரஷ்யப் பக்கத்திலிருந்து லெஸ்யாவின் அம்மா ஒலேனா பிச்சில்கா. இரண்டு பேரரசுகளுக்கு நடுவே அஞ்சலில் போட்டுப் போட்டு ஒரு புத்தகம் கட்டினார்கள். உக்ரைனிய எழுத்து கீவில் தடைபட்டிருந்ததால் அச்சகம் லிவிவில். கோப்ரின்ஸ்கா தொகுப்போடு நிற்கவில்லை. 1890இல் வியன்னா நாடாளுமன்றத்துக்கு மனு, 1891இல் ஸ்த்ரி என்ற ஊரில் பெண்கள் கூட்டம். கேட்டது பெரிதாக எதுவுமில்லை: பெண்களுக்கு ஜிம்னாசியம், பல்கலைக்கழகத்தில் இடம்.

வியன்னா மெதுவாக அசைந்தது. 1897இல் தத்துவத் துறை, 1900இல் மருத்துவமும் மருந்தியலும். சட்டத் துறைக்கு 1919 வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் அந்தப் பேரரசே இல்லாமல் போய்விட்டது. வெளிநாட்டில் படித்துவந்தவர்களுக்குத் தனிக் கஷ்டம். சூரிக்கில் டாக்டரான கப்ரியேலே போசானர் 1897இல் வியன்னாவில் எல்லாத் தேர்வுகளையும் முதலிலிருந்து திரும்ப எழுதித்தான் மருத்துவம் பார்க்கும் உரிமை பெற்றார். ஒகுனெவ்ஸ்காவும் தன் சுவிஸ் பட்டத்துக்குக் கிராகோவில் அங்கீகாரம் வாங்கவேண்டியிருந்தது. ஜிம்னாசியத் தேர்வு எழுதிய 1885இலிருந்து கணக்குப் போட்டால் 15 ஆண்டு. பிறகு லிவிவில், பேராயர் ஷெப்டிட்ஸ்கி ஆதரவில் 1903இல் தொடங்கிய ‘மக்கள் மருத்துவமனை’யில் வேலை பார்த்தார். செவிலியருக்கும் மருத்துவச்சிகளுக்கும் வகுப்பு நடத்தினார். ஆஸ்திரிய-ஹங்கேரியில் மருத்துவரான முதல் உக்ரைனியப் பெண் இவர்தான்.

இரண்டாம் பிறப்பு

1905 புரட்சியில் ஜார் அரசு ஆட்டம் கண்டது. பல்கலைக்கழகங்களுக்கு ஓரளவு தன்னாட்சி கிடைத்தது. கிடைத்த கையோடு பல பல்கலைக்கழகங்கள் பெண்களை உள்ளே விட்டன. என்ன பெயரில்? ‘சுதந்திரக் கேட்பவர்’. பழைய சொல்லுக்கு முன்னால் சுதந்திரம் என்று ஒரு அடைமொழி. 1908இல் கல்வி அமைச்சர் ஷ்வார்ட்ஸ் அதையும் நிறுத்தினார்.

ஆனால் தனி வகுப்புகள் நிலைத்தன. 1906இல் கீவிலும் ஒடெசாவிலும், 1907இல் கார்கிவிலும். கீவில் இம்முறை சட்டம், மருத்துவம் எல்லாம் சேர்ந்தன. சில ஆண்டுகளில் சொந்தக் கட்டடமும் எழுந்தது. லெஸ்யாவின் கடைசித் தங்கை இசிதோரா கீவ் பாலிடெக்னிக்கிலேயே வேளாண்மை படித்துத் தேறினார். அங்கே படித்த முதல் பெண்களில் அவரும் ஒருவர். ஒரே வீட்டுச் சகோதரிகள் மூவர்: மூத்தவருக்கு வீடு, நடுவில் பிறந்தவருக்குப் பீட்டர்ஸ்பர்க், 17 ஆண்டு பின்னால் பிறந்த இளையவருக்குச் சொந்த ஊர். அறிவிலா வித்தியாசம்? பிறந்த ஆண்டில்.

யூதப் பெண்களுக்கு இன்னொரு வேலியும் உண்டு. 1887 முதல் கல்வி நிலையங்களில் யூதர்களுக்கு விழுக்காட்டு வரம்பு. போதாக்குறைக்குக் கீவ் நகரத்தில் குடியிருக்கவே தனி அனுமதி வேண்டும். இடம் கிடைத்தாலும் தங்க முடியாது, தங்க முடிந்தாலும் இடம் கிடைக்காது. சுவிட்சர்லாந்து ரயிலில் அவர்கள் கூட்டம் கடைசிவரை குறையவில்லை.

1908இல் கீவ் வகுப்புகளின் சட்டத் துறையில் சேர்ந்தவர்களில் ஆன்னா கொரென்கோ என்ற ஒடெசாவில் பிறந்த பெண்ணும் ஒருவர். சட்ட வரலாறும் லத்தீனும் இருந்தவரை ருசித்தது, வெறும் சட்டப் பாடங்களாக வந்ததும் மனம் விட்டுப்போனது என்று பின்னாளில் எழுதினார். ஆன்னா அக்மதோவா என்ற பெயரில் உலகம் அறிந்த கவிஞர். அவர் விட்டதில் கவிதைக்கு லாபம். மனம் ஒன்றிப் படித்து முடித்திருந்தாலும் வழக்காட விட்டிருப்பார்களா என்பது வேறு விஷயம்.

அதற்கு நல்ல சாட்சி யெகதெரினா ஃப்லெய்ஷிட்ஸ். உக்ரைனின் க்ரெமென்சுக்கில் பிறந்தவர். பாரிஸில் சட்டம் படித்துப் பட்டம் வாங்கி, பீட்டர்ஸ்பர்க்கிலும் தேர்வெழுதித் தேறியவர். 1909 நவம்பரில் பீட்டர்ஸ்பர்க் மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு திருட்டு வழக்கில் பிரதிவாதிக்காக எழுந்து நின்றார். அரசு வழக்கறிஞர் உடனே ஆட்சேபித்தார்: ஒரு பெண் எதிர்த்தரப்பில் நிற்கும்போது நான் வாதாட முடியாது. நீதிமன்றம் அவர் ஆட்சேபத்தை ஏற்கவில்லை. அவர் காகிதங்களை எடுத்துக்கொண்டு வெளிநடப்பு செய்துவிட்டார். விசாரணை நின்றது. விவகாரம் பேரரசின் உச்ச நீதிமன்றமான செனட் வரை போய், பெண் வழக்காடக் கூடாது என்று தீர்ப்பாகி வந்தது. 1917 வரை அதுதான் சட்டம். கையில் இரண்டு நாட்டுப் படிப்பு. வாசல்படியில் ஒரு ஆள் எழுந்து போனது போதும், அத்தனையும் செல்லாக்காசு.

அடுத்த ஆண்டே நேர்மாறான காட்சி ஒன்று. 1910இல் கார்கிவ் பல்கலைக்கழகம், உக்ரைனிய மக்களின் வரலாற்றை எழுதிய ஒலெக்சாந்த்ரா யெஃபிமென்கோவுக்கு வரலாற்றில் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பேரரசில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். வெண்கடல் ஓரத்தில் பிறந்த ரஷ்யப் பெண்; அங்கே நாடுகடத்தப்பட்டிருந்த உக்ரைனிய ஆய்வாளர் ஒருவரை மணந்து கார்கிவுக்கு வந்து சேர்ந்தவர். எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவர் அல்ல. ஊரகப் பள்ளி ஆசிரியை. மாணவியாகச் சேர்க்க மறுக்கும் நிறுவனம் டாக்டராக ஏற்றுக்கொள்கிறது. 1918 டிசம்பரில், உள்நாட்டுப் போரின் குழப்பத்தில், கார்கிவ் பக்கத்துப் பண்ணையொன்றில் கொள்ளையர் கையில் மகளோடு சேர்ந்து கொல்லப்பட்டார்.

1911 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. பெண்கள் வகுப்புகளில் படித்தவர்கள் இனி பல்கலைக்கழகத்தின் அரசுத் தேர்வை எழுதலாம், பட்டமும் பெறலாம். 33 ஆண்டு ‘கேட்டு’க்கொண்டிருந்ததற்குப் பலன். அதிலும் அரசு உத்தியோகப் படிநிலையில் ஏறும் உரிமையைக் கவனமாக வெட்டி எடுத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். கீவ் வகுப்புகளில் படித்த வரலாற்றாசிரியர் நதாலியா பொலொன்ஸ்கா இந்தப் புதிய வழியில் ஏறி, 1916இல் கீவ் பல்கலைக்கழகத்திலேயே விரிவுரையாளரானார்.

மருத்துவத்தில் வேகம் வேறு. 1910இல் கார்கிவில் பெண்கள் மருத்துவ நிறுவனம், 1916இல் கீவிலும் ஒன்று. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது; ஆண் மருத்துவர்கள் களத்தில் இருந்தார்கள். அரசாங்கத்துக்குத் தேவை வந்ததும் கொள்கை இளகியது. அந்தக் கார்கிவ் நிறுவனம் 1920இல் பல்கலைக்கழக மருத்துவத் துறையோடு இணைந்து, இன்றைய கார்கிவ் தேசிய மருத்துவப் பல்கலைக்கழகத்தின் வேர்களில் ஒன்றானது. 2022 பிப்ரவரியில் குண்டுகளுக்கு நடுவே கார்கிவிலிருந்து வீடு திரும்பிய நம் ஊர் எம்பிபிஎஸ் மாணவிகளின் பேட்டிகளைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்போம். மருத்துவம் படிக்க நாடு விட்டு நாடு போகும் பெண்கள் விஷயத்தில் உக்ரைன் வழியனுப்பும் பக்கத்திலும் நின்றிருக்கிறது, வரவேற்கும் பக்கத்திலும் நின்றிருக்கிறது.

அப்பா யார்?

1917 புரட்சிக்குப் பிறகு பெண் என்பதற்காக யாரையும் பல்கலைக்கழக வாசலில் நிறுத்தவில்லை. 1920இல் கீவ் வகுப்புகள் தனி நிறுவனமாக இல்லாமல் போயின. சோவியத் ஆட்சி பல்கலைக்கழகங்களையே கலைத்துப் ‘பொதுக்கல்வி நிறுவனங்கள்’ ஆக்கியது. 1933இல்தான் பல்கலைக்கழகம் என்ற பெயர் திரும்பியது. தொழிலாளர், விவசாயி வீட்டுப் பெண்களுக்கு ஆயத்த வகுப்புகள் வைத்து மேலே ஏற்றினார்கள். இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குப் பிறந்த மகள் எஞ்சினியர் ஆனது அந்தக் காலத்தில்தான்.

கேள்வி மட்டும் மாறியது. ஜார் காலத்தில் ‘நீ ஆணா பெண்ணா’. இப்போது ‘உன் அப்பா யார்’. பாதிரியார் மகளா, வியாபாரி மகளா, பண்ணையார் மகளா என்றால் இடமில்லை. 1930களின் நடுவில் அது தளர்ந்ததும் அடுத்தது வந்தது: ‘மக்கள் விரோதி’ மகளா?

கதெரினா யுஷ்சென்கோவை அந்தக் கேள்விதான் பிடித்தது. சிஹிரினில் 1919இல் பிறந்தவர், ஆசிரியர் மகள். கீவ் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தார். 1937இல் அப்பாவைக் கைது செய்தார்கள். மகளைப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கினார்கள். (இசிதோரா கோசாச்சும் அதே 1937இல் கைதாகி முகாமுக்குப் போனார்.) எங்கெங்கோ முயன்று, கடைசியில் சமர்கண்டில் இடமும் உதவித்தொகையும் கிடைத்து மத்திய ஆசியா போனார். போர்க்காலத்தில் 1942இல் படிப்பை முடித்தார். திரும்பிவந்து கீவ் கணித நிறுவனத்தில் ஆய்வு. கீவின் புறநகரான ஃபெயோஃபானியாவில் சோவியத்தின் முதல் மின்னணுக் கணினி உருவாகியிருந்தது. அதில் வேலை செய்தபோது, ஒரு நினைவக இடத்தின் முகவரியையே இன்னொரு இடத்தில் வைத்துக் கையாளும் முறையைக் கொண்டு 1955இல் ‘முகவரி மொழி’ என்ற நிரல்மொழியை வடிவமைத்தார். இன்று சி மொழி படிக்கும் பிள்ளைகளைத் திணறவைக்கும் பாயின்டர் இருக்கிறதே, அந்தக் கருத்துதான். புகழ்பெற்ற நிரல்மொழியான ஃபோர்ட்ரான் வெளியாக அப்போது இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. முதலாண்டு முடிவதற்குள் கீவ் வெளியே தள்ளிய பெண், நிரலாக்கத்தில் சோவியத்தின் முதல் பெண் முனைவரானார்.

வேறொரு சுவரும் இருந்தது, அரசியல் வாடை இல்லாதது. 1940 அக்டோபரில் உயர்கல்விக்குக் கட்டணம் வந்தது: குடியரசுத் தலைநகரங்களில் ஆண்டுக்கு 400 ரூபிள், மற்ற ஊர்களில் 300. 1956இல்தான் நீங்கியது. கூலியாகப் பணம் பார்க்காத கூட்டுப்பண்ணைக் குடும்பத்தில், மகனுக்கும் மகளுக்கும் சேர்த்துக் கட்ட முடியாதபோது யார் வீட்டில் நின்றிருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை.

1950இல் சோவியத் மருத்துவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் பெண்கள். பெருமையாகச் சொல்லப்பட்ட கணக்கு. அதே காலத்தில் அங்கே மருத்துவர் சம்பளம் திறமையான ஆலைத் தொழிலாளியின் சம்பளத்தை எட்டவில்லை என்பதையும் சேர்த்துப் படித்தால் கணக்கின் சுவை மாறும். ஒகுனெவ்ஸ்கா 15 ஆண்டு போராடிப் பிடித்த தொழில், பெண்கள் நிறைந்ததும் கௌரவத்தில் ஒரு படி இறங்கிவிட்டது.

450 வேலைகள்

விடுதலைக்குப் பிறகு உக்ரைனின் கல்லூரிகளில் பாதிக்கு மேல் பெண்கள். 2008 முதல் கட்டாயமான பொது நுழைவுத் தேர்வு, பணத்தையும் சிபாரிசையும் பெரிய அளவில் ஓரங்கட்டியது. 2022இல், கீவ் பல்கலைக்கழகத்தில் படித்த மரினா வியசோவ்ஸ்கா கணிதத்தின் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கினார். உலக அளவில் அதைப் பெற்ற இரண்டாவது பெண். எட்டுப் பரிமாணத்தில் பந்துகளை எப்படி நெருக்கி அடுக்குவது என்ற கேள்விக்கான விடை அவருடையது.

இங்கே கதை முடிந்தது என்று எழுதலாம்தான். ஆனால் 1993இல், விடுதலை பெற்ற நாட்டின் சுகாதார அமைச்சகம் ஓர் ஆணை போட்டது: எண் 256. பெண்கள் பார்க்கக் கூடாத வேலைகள் சுமார் 450. சோவியத் காலப் பட்டியலைத் தூசி தட்டி எடுத்தது. மெட்ரோ ரயில் ஓட்டுவதும் அதில் ஒன்று. சுரங்கப் பொறியியல் படித்துப் பட்டம் வாங்கலாம். சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்யக் கூடாது. ஃப்லெய்ஷிட்ஸ் 1909இல் நின்ற அதே வாசல்படி. 2017 கடைசியில் அந்த ஆணை ரத்தானது. ராணுவக் கல்லூரிகளிலும் கள வேலைகளிலும் பெண்களுக்குச் சம உரிமை தந்த சட்டம் அடுத்த ஆண்டு, 2018இல் வந்தது.

2022இல் போர் மூண்டதும் 18 முதல் 60 வயது வரையிலான ஆண்கள் நாட்டை விட்டு வெளியேறத் தடை வந்தது. பெண்கள் போகலாம். மறுபடி வார்சாவிலும் வியன்னாவிலும் சூரிக்கிலும் உக்ரைனிய மாணவிகள். ஒரு பிரிவினருக்கு மட்டும் கூடுதலாக ஒரு விதி: 2023 அக்டோபர் 1 முதல், மருத்துவம் அல்லது மருந்தியல் பட்டம் வைத்திருக்கும் பெண்கள் ராணுவப் பதிவேட்டில் தங்கள் பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பதிவு அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டிய காகிதங்களில் பட்டச் சான்றிதழும் ஒன்று.